கையில் பட்டை இருக்கும் வரை

எனக்கு வாய் நீளம். மற்றவர்கள் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். முப்பத்திரண்டு வருஷம் டெலிபோன் எக்சேஞ்சில் வேலை பார்த்தவள். பேசுவதற்குத்தான் சம்பளமே வாங்கினேன். எங்க வீட்டுக்காரர் அதற்கு நேர் எதிர். சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். வயல், தோப்பு, விளை என்று அளவுச் சங்கிலியோடு அலைந்த மனுஷன். வீட்டில் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும். நான் பத்து வாக்கியம் பேசினால் ஒரு "ம்" வரும். பதினோராவது வாக்கியத்துக்குத் துண்டைக் கொடியிலிருந்து உருவித் தோளில் போட்டுக்கொண்டு ஆற்றுக்குக் கிளம்பிவிடுவார். சேரன்மகாதேவியில் எங்கள் வீட்டிலிருந்து தாமிரபரணிக்கு எட்டு நிமிஷ நடைதான். பெண்டாட்டி பேச்சிலிருந்து தப்பிக்க இவ்வளவு பக்கத்தில் ஆறு ஓடினால் எந்த ஆம்பளைதான் வீட்டில் இருப்பான்?

ஆனால் வேலையில் மனுஷன் சுத்தம். அதையும் சொல்லியாக வேண்டும். சங்கிலி ஓர் இடத்தில் தொய்ந்திருந்தது என்று சந்தேகம் வந்தால் போதும், உச்சி வெயிலானாலும் முதல் கல்லிலிருந்து திரும்ப அளப்பார். "தப்பா அளக்கிறதுக்கு அளக்காமலே இருக்கலாம்" என்பார். அவர் வாயிலிருந்து முழுசாக வந்த வாக்கியங்களில் அது ஒன்று.

மூன்று வருஷத்துக்கு முன்னால் என் அக்கா இறந்துபோனாள். கொற்கைப் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். கடைசிப் பத்து நாள் நான்தான் கூட இருந்து பார்த்தேன். பதினாறாம் நாள் காரியம் முடிந்து வீட்டுக்கு வந்தோம். அவருக்குக் காப்பி போட்டுக் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்து, "அக்கா கடைசியா என்ட்ட என்ன சொன்னா தெரியுமா..." என்று ஆரம்பித்தேன். டம்ளரைக் கீழே வைத்தார். துண்டை எடுத்தார். "இருட்டப் போகுது, குளிச்சிட்டு வந்துருதேன்" என்று போயே போய்விட்டார்.

எனக்கு உச்சந்தலை வரை ஏறிவிட்டது. அவர் திரும்பி வந்ததும் சொன்னேன்: "இனிமே உங்கட்ட ஒண்ணும் சொல்ல மாட்டேன். சொவத்துகிட்ட பேசிக்கிடுதேன்."

சொன்னதைச் செய்தேன். சாப்பாடு எடுத்து வச்சிருக்கு, சிலிண்டர் வந்துட்டு, மக போன் பண்ணுதா. இவ்வளவுதான். எனக்கு வீம்பு ஜாஸ்தி. ஒரு மாசம் இருப்பாள் என்று அவர் நினைத்திருப்பார். நான் இரண்டு வருஷம் இருந்தேன்.

போன வருஷம் அவருக்குப் பிரஷர் இருப்பது தெரிந்தது. பாளையங்கோட்டையில் ஒரு டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து, வீட்டிலும் காலையும் சாயங்காலமும் அளந்து நோட்டில் எழுதிக்கொண்டு வரச் சொன்னார். மகள் பெங்களூரில் இருக்கிறாள். அளக்கும் மிஷினைக் கூரியரில் அனுப்பிவைத்தாள். மிஷின் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. கையில் சுற்றுகிற ஒரு பட்டை, ஒரு குழாய், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பெட்டி. பொத்தானை அமுக்கினால் பட்டை காற்றடைத்து இறுகும், அப்புறம் பையத் தளரும், எண் வரும்.

பெட்டிக்குள் ஒரு குறிப்புத் தாள் இருந்தது. விரித்தால் வாழையிலை நீளம். எழுத்தெல்லாம் எறும்பு. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பென்சிலும் கையுமாக ஒரு முழு மத்தியானம் அதை வாசித்தார்.

"என்ன போட்டிருக்கு?" என்று கேட்டேன்.

"நாலு பேட்டரி போடணுமாம்" என்றார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். இதற்கா ஒரு மத்தியானம் என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

அளக்கிற வேலையை நானே எடுத்துக்கொண்டேன். எக்சேஞ்சில் எத்தனை மிஷினைப் பார்த்தவள்! முதல் நாள் காலையில் அவர் ஆற்றிலிருந்து வந்து, உடன்குடிக் கருப்பட்டி போட்ட காப்பியைக் குடித்த கையோடு கட்டில் விளிம்பில் உட்காரவைத்தேன். கால் அந்தரத்தில் ஆடியது. சட்டைக் கைக்கு மேலேயே பட்டையைச் சுற்றினேன். பெட்டியைப் பக்கத்து ஸ்டூலில் வைத்தேன். கை அது பாட்டுக்குக் கீழே தொங்கியது. "அசையாதிய" என்று சொல்லிப் பொத்தானை அமுக்கினேன்.

அவரும் பிடித்துவைத்த பிள்ளையார் மாதிரி அசையாமல் இருந்தார். அப்போதுதான் எனக்கு அது உறைத்தது. இந்த மனுஷனால் இப்போது எழுந்து போக முடியாது! துண்டு கொடியில் கிடக்கிறது, இவர் கை என்னிடம் மாட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டு வருஷ வீம்பு எங்கே போயிற்று என்று தெரியவில்லை, வாய் தானாகத் திறந்துகொண்டது.

"பக்கத்து வீட்டுக்காரன் காம்பவுண்டுச் சொவர நம்ம பக்கம் ஒரு சாண் தள்ளிக் கட்டுதான். நீங்க சர்வேயரா, இல்ல சாமியாரா?"

பட்டை தளர்ந்தது. நூற்று அறுபத்து நாலுக்குத் தொண்ணூற்று ஆறு. நோட்டில் எழுதினேன்.

அன்றிலிருந்து காலையும் சாயங்காலமும் அதுதான் எங்கள் பேச்சு நேரம். ஒருதடவை அளக்க முக்கால் நிமிஷம்தான் ஆகும். முக்கால் நிமிஷத்தில் நான் என்ன பேச? "இருங்க, சரியா வரல, இன்னொரு மட்டம் எடுப்போம்" என்று திரும்பப் பொத்தானை அமுக்குவேன். சில நாள் மூன்று, நான்கு மட்டம் நடக்கும். மருமகன் வேலையை விடப்போகிறானாமே என்பது ஒரு மட்டம். அவர் தம்பி கல்யாணத்துக்கு நமக்கு முறையாக வந்து சொல்லவில்லை என்பது ஒரு மட்டம். இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் நடந்த கல்யாணம் அது. அதனால் என்ன? சொல்லவில்லைதானே! சும்மா சொல்லக்கூடாது, மனுஷன் ஒருதடவை கூட முகம் சுளிக்கவில்லை. எத்தனை தடவை கேட்டாலும் கையை நீட்டினார். அடிக்கடி "ம்" போட்டார். ஒன்றிரண்டு தடவை "அப்புறம்?" என்று கூடக் கேட்டார். என் காதையே நம்ப முடியவில்லை.

ஆனால் எண் மட்டும் இறங்கவே இல்லை. அறுபத்தெட்டு, எழுபது, அறுபத்தாறு. முன்னால் இருக்கும் நூறைச் சொல்லாமலே எங்களுக்குள் பேசிக்கொள்ளும் அளவுக்குப் பழகிவிட்டது. உப்பைக் குறைத்தேன். ஊறுகாயைத் தூக்கிப் பரணில் வைத்தேன். அப்பளத்துக்குத் தடை. எனக்குள்ளே பயம். அக்காவுக்கும் இப்படித்தான் எண் எண்ணாக ஏறிக்கொண்டே போனது. அவளுக்குச் சர்க்கரை, இவருக்குப் பிரஷர். இவரும் போய்விட்டால்? இந்த நினைப்பு வந்த நாளெல்லாம் அவரை இன்னும் கூடுதலாகத் திட்டினேன். எனக்குப் பயத்தைக் காட்டத் தெரிந்த ஒரே வழி அதுதான்.

ஒருநாள் சாயங்காலம், பட்டை இறுகிக்கொண்டிருக்கும்போது, என்னை அறியாமல் "அக்கா கடைசியா..." என்று ஆரம்பித்துவிட்டேன். அவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். மிஷின் பீப் என்றது. நூற்று எழுபத்தெட்டு. பேச்சு அதோடு நின்றது. மறுநாள் முதல் பஸ்ஸில் பாளையங்கோட்டைக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

டாக்டர் தன் கையால் அளந்தபோது நூற்று முப்பத்தெட்டுதான் இருந்தது. நோட்டைப் புரட்டிப் பார்த்தார். "இங்க வந்தா கூடும், வீட்டுல குறையும். பெரும்பாலும் அப்படித்தான். இவருக்குத் தலைகீழா இருக்கே. வீட்டுல சரியாத்தான் எடுக்கீங்களாம்மா?" என்று கேட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. "சார், நான் எக்சேஞ்சுல முப்பத்திரண்டு வருஷம் சர்வீஸ். மிஷினெல்லாம் எனக்கு அத்துப்படி" என்றேன்.

டாக்டர் எங்க வீட்டுக்காரரைப் பார்த்தார். எங்க வீட்டுக்காரர் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார். டாக்டர் இரண்டாவதாக ஒரு மாத்திரை எழுதினார். "தலை சுத்தினா உடனே வாங்க" என்றும் சொன்னார்.

அந்த மாத்திரையைத் தொடங்கிய பன்னிரண்டாவது நாள் காலையில், அடுப்பில் இட்லிக் கொப்பரை ஆவி விட்டுக்கொண்டிருந்தபோது, வாசலில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. அவரோடு தினமும் ஆற்றில் குளிக்கிற பலசரக்குக் கடை அண்ணாச்சி முதலில் இறங்கினார். ஈர வேட்டி. "மைனி, பதறாதிய. ஒண்ணுமில்ல" என்றார். அடுப்பை அப்படியே போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினேன்.

எங்க வீட்டுக்காரர் முங்கி எழுந்து படிக்கு ஏறியிருக்கிறார். இரண்டாவது படியில் தலை சுற்றிப் பின்பக்கமாகத் தண்ணீருக்குள்ளேயே சரிந்துவிட்டார். அணையில் திறந்துவிட்ட தண்ணீர், இழுப்பு ஜாஸ்தி. அண்ணாச்சி பக்கத்துப் படியில் துணி துவைத்துக்கொண்டிருந்ததால் கையை எட்டிப் பிடித்து இழுத்திருக்கிறார். "ரெண்டு எட்டு தள்ளி நின்னிருந்தேன்னா புடிச்சிருக்க முடியாது மைனி" என்றார். ஆட்டோவுக்குள் எங்க வீட்டுக்காரர் நெற்றியோரம் தோல் சிராய்ந்து, உதடு வெளுத்து உட்கார்ந்திருந்தார். அப்போதும் வாயைத் திறக்கவில்லை. எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

அதே ஆட்டோவில் பாளையங்கோட்டை. டாக்டர் அளந்தார். நூறுக்கு அறுபதுதான் இருந்தது. "பிரஷர் ரொம்ப இறங்கியிருக்கு. இவருக்கு இந்த ரெண்டாவது மாத்திரை தேவையே இல்லாம இருந்திருக்கலாம்" என்று அதை நிறுத்தினார். ஒரு வாரம் கழித்து மிஷினையும் நோட்டையும் கையோடு கொண்டு வரச் சொன்னார். அந்த ஒரு வாரமும் என் நோட்டில் நூற்று அறுபதுக்குக் கீழே ஓர் எண்ணும் இல்லை. நம்பவும் முடியாது, நம்பாமல் இருக்கவும் முடியாது என்கிற நிலைமை. மிஷினைத்தான் கரித்துக்கொட்டினேன்.

சொன்னபடி டாக்டரிடம் போனோம். அங்கே இருந்த நர்ஸுக்கு நாற்பது வயசிருக்கும். எங்கள் மிஷினையும் அவர்கள் மிஷினையும் ஒன்று மாற்றி ஒன்று எங்க வீட்டுக்காரர் கையில் கட்டிப் பார்த்தாள். இரண்டும் ஏறக்குறைய ஒரே எண்ணைத்தான் காட்டின.

"மிஷின் மேல தப்பில்லக்கா. வீட்டுல எப்படி எடுப்பியளோ, அப்படியே எனக்கு எடுத்துக் காட்டுங்க" என்றாள்.

எடுத்துக் காட்டினேன். பெஞ்சில் உட்காரவைத்தேன், சட்டைக்கு மேல் சுற்றினேன், பொத்தானை அமுக்கினேன். "இப்பவாச்சும் வாயத் தொறந்து டாக்டர்ட்ட சொல்லுங்க. ஆத்துக்குப் போகாதியன்னா கேக்குதியளா? அண்ணாச்சி இல்லன்னா என்ன ஆயிருக்கும்? நான் ஒத்தையில கெடந்து..."

நூற்று ஐம்பத்தொன்பது.

நர்ஸ் என்னைப் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். "அக்கா, நீங்க நிறுத்தாம பேசுதியளே" என்றாள்.

"பேசுனா என்ன? நான்தானே பேசுதேன், அவிய பேசலயே!"

"கேக்கறவுகளுக்கும் ஏறும்க்கா. அதுவும் இப்படிக் கேட்டா!"

பிறகு அவள் செய்து காட்டினாள். முதலில் அவரைப் பாத்ரூம் போய்விட்டு வரச் சொன்னாள். முதுகு சாயும் நாற்காலியில் உட்காரவைத்தாள். இரண்டு பாதமும் தரையில் படிய வேண்டும், கால்மேல் கால் கூடாது. சட்டைக் கையைக் கழற்றி, வெறும் தோலில், முழங்கை மடிப்புக்கு இரண்டு விரல்கடை மேலே பட்டையைச் சுற்றினாள். உள்ளே ஒரு விரல் நுழையும் அளவுக்கு இறுக்கம். கையை மேஜை மேல் வைத்து, அடியில் ஒரு துண்டை மடித்துக் கொடுத்து, பட்டை நெஞ்சு உயரத்துக்கு வரும்படி செய்தாள். காப்பி குடித்து, குளித்து, நடந்து அரை மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும் என்றாள். காலையில் என்றால் மாத்திரை போடுவதற்கு முன்னால்.

"இனி அஞ்சு நிமிஷம் ரெண்டு பேரும் பேசக்கூடாது. அளக்கும்போதும் பேசக்கூடாது. ஒரு நிமிஷம் விட்டு ரெண்டாந்தடவ எடுங்க. ரெண்டையும் எழுதுங்க. அவ்வளவுதான். நாலு தடவ எடுத்துப் பிடிச்ச எண்ண எழுதக்கூடாது."

அந்த ஐந்து நிமிஷம் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். முப்பத்தெட்டு வருஷக் கல்யாணத்தில் நாங்கள் இரண்டு பேரும் விழித்திருக்கும்போது இப்படி எதிரும் புதிருமாக, கோபம் இல்லாமல், பேசாமல் உட்கார்ந்ததே கிடையாது. என் நாக்கு வாய்க்குள் தவித்தது. அவர் கண்ணை மூடியிருந்தார். நர்ஸ் பொத்தானை அமுக்கினாள். நூற்று முப்பத்திரண்டு. இரண்டாவது தடவை நூற்று இருபத்தெட்டு.

பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போலிருந்தது. இத்தனை மாசமும் நோட்டில் நான் எழுதிவைத்தது அவர் ரத்தத்தின் அளவு இல்லை. பாதி என் வாயின் அளவு. அதைக் காட்டித்தான் மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். அந்த மாத்திரைதான் அவரைப் படித்துறையில் தள்ளியது. திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்ததும் அந்தக் குறிப்புத் தாளைத் தேடினேன். இரண்டு விரல்கடையா, மூன்று விரல்கடையா என்று ஒரு சந்தேகம். இனி ஒன்றையும் என் மண்டையை நம்பிச் செய்வதாக இல்லை. பீரோவில் இல்லை. மிஷின் பெட்டியில் இல்லை. கடைசியில் அவருடைய பழைய சர்வே பைக்குள், அளவு நோட்டுகளுக்கு நடுவில் கிடந்தது. பிரித்துப் பார்த்தேன். முதுகைச் சாய்த்து உட்காரவும் என்ற வரிக்குக் கீழே பென்சில் கோடு. வெறும் கையில் கட்டவும் என்பதற்குக் கீழே பென்சில் கோடு. அளக்கும்போது பேசக்கூடாது, பேசினால் அளவு கூடும் என்ற வரிக்குக் கீழே இரண்டு கோடு. ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி நேராக இருந்தது.

என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. தாளைக் கொண்டுபோய் அவர் மூஞ்சிக்கு நேரே நீட்டினேன்.

"தெரியுமா? எல்லாம் மொத நாளே தெரியுமா? சங்கிலி தொய்ஞ்சா ஊரையே நிறுத்திவச்சுத் திரும்ப அளப்பியளே, ஒங்க ஒடம்ப நான் தப்புத் தப்பா அளக்கத எப்படிப் பாத்துக்கிட்டு இருந்திய? வேண்டாத மாத்திரைய முழுங்கிக்கிட்டு இருந்திய! ஆத்தோட போயிருந்தா நான் என்ன செய்வேன்? ஒத்த வார்த்த, 'பேசாதளா'ன்னு ஒத்த வார்த்த சொல்ல வாய் வரலயா ஒங்களுக்கு?"

அவர் தாளை என் கையிலிருந்து வாங்கினார். மடித்தார். திரும்பப் பிரித்தார். பிறகு சொன்னார்.

"சொன்னா நீ பேச்ச நிறுத்திருவ. ரெண்டு வருஷம் இந்த வீட்டுல சத்தமே இல்ல."

"அதுக்காக?"

"அதுக்காகத்தான்."

கிறுக்கா உங்களுக்கு என்று கேட்கத்தான் வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு அடுக்களைக்குள் போய் நின்றேன். அவர் பின்னாலேயே வந்து வாசல்படியில் நின்றார். உள்ளே வரவும் இல்லை, போகவும் இல்லை.

மறுநாள் காலையில் அளக்கும் முன்னால் அவரை ஆற்றுக்கு விடவில்லை. காப்பியும் கொடுக்கவில்லை. சாப்பாட்டு மேஜை நாற்காலியில் உட்காரவைத்தேன். பாதத்தைத் தரையில் வைக்கச் சொன்னேன். வெறும் கையில் பட்டையைக் கட்டி, கைக்கு அடியில் வைக்கக் கொடியில் கிடந்த துண்டை எடுக்கப் போனேன். அப்புறம் அது அவர் ஆற்றுக்குக் கொண்டுபோகிற துண்டு, வேண்டாம் என்று ஒரு தலையணை உறையை மடித்து வைத்தேன். சுவர்க் கடிகாரத்தில் ஐந்து நிமிஷம் பார்த்தேன். வெளியே பால்காரன் மணி அடித்தான், நான் அசையவில்லை. முதல் தடவை நூற்று முப்பது. இரண்டாவது தடவை நூற்று இருபத்தாறு. இரண்டையும் எழுதினேன். பட்டையைக் கழற்றிச் சுருட்டிப் பெட்டிக்குள் வைத்து மூடினேன்.

அவர் எழுந்திருக்கவில்லை.

"என்ன, முடிஞ்சிட்டு. போங்க, குளிங்க" என்றேன்.

"ஒங்கக்கா கடைசியா ஒன்ட்ட என்ன சொன்னா?" என்று கேட்டார்.

அரை டம்ளர் கருப்பட்டிக் காப்பி கேட்டாள். அவ்வளவுதான். சர்க்கரை எண் ஏறிக் கிடக்கிறது, டாக்டர் கூடாது என்றிருக்கிறார் என்று நான் கொடுக்கவில்லை. நாளைக்குத் தாரேன் என்றேன். அவளுக்கு நாளை இல்லாமல் போனது.

அதை அவரிடம் சொல்லி முடிக்க எனக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. துண்டு கொடியிலேயே கிடந்தது.